சம்பந்தமில்லாத பாடமா? ஒரு முதலாண்டு மாணவியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். வேதியியல் முதன்மைப் பாடம். தொடக்கக் கல்லூரியில் அறிவியல் பிரிவில் படித்தேன், மேல்நிலைத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ. இங்கே வந்து பார்த்தால் பாதிக்கு மேல் பொதுப் பாடங்கள்: சமூகம், வரலாறு, தரவு, எழுத்து என்று. வேதியியலில் சமாளிக்கிறேன். ஆனால் ஒரு பொதுப் பாடத்தில் நியூவாட்டரை (பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர்) வைத்து எழுதிய கட்டுரைக்கு சி பிளஸ்தான் கிடைத்தது. தகவல் எதுவும் தப்பில்லை. ஆசிரியர் ஓரத்தில் இரண்டு இடத்தில் ‘அதனால் என்ன?’ என்று எழுதியிருந்தார். நான் மூன்று கலர் ஹைலைட்டர் வைத்துக் கோடு போட்டு, நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நீளமான கட்டுரைகளை சாட்ஜிபிடியில் போட்டுச் சுருக்கிக்கொள்கிறேன். அப்பா லிஃப்ட் டெக்னீஷியன். ‘வருஷத்துக்கு 8,000 வெள்ளிக்கு மேல கட்டுறது நுனிப்புல் மேயவா?’ என்று கேட்கிறார். பல்கலைக்கழகத்தில் ‘கற்றல் திறன்’ பயிலரங்கு நடக்கிறது, ஆனால் அது வீக்காக இருப்பவர்களுக்கு என்கிறார்கள் தோழிகள். போகலாமா? இல்லை, பொதுப் பாடங்களுக்கெல்லாம் எஸ்/யூ (மதிப்பெண்ணுக்குப் பதில் தேர்ச்சி அல்லது தேர்ச்சியில்லை என்று மட்டும் பதிவாவது) போட்டுவிட்டு மறந்துவிடலாமா? குழு வேலை வேறு என் தலையில் விழுகிறது. அடுத்த ஆண்டு விருப்பப் பாடமாக என்ன எடுப்பது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.
— செங்காங் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த சி பிளஸ்ஸைப் பேசிவிடுவோம். மற்ற கேள்விகளுக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. கட்டுரையின் முதல் பத்தியையும் கேள்வித்தாளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பல பேர் ‘மார்க் வரவில்லை’ என்று மட்டும் எழுதுவார்கள், எதற்கு வரவில்லை என்று நான் ஊகிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் எழுதிய பத்தி சுருக்கமாக இது: நியூவாட்டர் 2003இல் அறிமுகமானது. பயன்படுத்திய நீர் நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டங்களில் சுத்தமாகிறது. பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. சிறு பகுதி நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுகிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூரிலிருந்தும் நமக்குத் தண்ணீர் வருகிறது.

ஐந்து வாக்கியம், ஐந்தும் உண்மை. ஆனால் இந்த ஐந்தையும் முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் பத்திக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் ஆசிரியர் ‘அதனால் என்ன?’ என்று கேட்டது அதைத்தான். ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தை இழுத்துக்கொண்டு வரவில்லை.

இதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. மேல்நிலை வேதியியலில் இப்படி எழுதினால் மார்க் கிடைக்கும். குறிப்பு ஒன்றுக்கு மார்க் ஒன்று என்பதுதான் அங்கே கணக்கு. பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பை இரண்டு சுற்று போட்டு முடித்தவருக்குக் கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததும் எந்தப் பதில் என்று கை தானாக ஓடும். அதுவும் ஒரு திறமைதான், சாதாரணமானது இல்லை. ஆனால் உங்கள் கட்டுரைக் கேள்வி ‘நியூவாட்டர் என்றால் என்ன?’ என்பது இல்லையே. ‘ஒரு புதிய தொழில்நுட்பத்தை ஒரு சமூகம் எப்படி ஏற்றுக்கொள்கிறது?’ என்பது. நீங்கள் தொழில்நுட்பத்தை விளக்கிவிட்டு, ஏற்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்துவிட்டீர்கள்.

அதே விஷயத்தை நாலு துறைக்காரர்கள் எப்படிப் பிடிப்பார்கள் என்று பாருங்கள்.

வேதியியலாளருக்குக் கேள்வி: நீர் சுத்தமா? பிடோக்கில் 2000ஆம் ஆண்டு ஒரு மாதிரி ஆலை ஓடத் தொடங்கியது. சுமார் இரண்டாண்டு மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். நிபுணர் குழு 2002இல் பாதுகாப்பானது என்று சொன்னது. அவரைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்தது.

சமூகவியலாளருக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது. சோதனையே சொல்லிவிட்டதே, அப்புறம் ஏன் அதே 2002இல் தேசிய தினக் கொண்டாட்டத்தில் கூட்டத்துக்கு நியூவாட்டர் போத்தல்களைக் கொடுத்தார்கள்? அன்றைய பிரதமர் கோ சோக் டோங் ஏன் எல்லாரும் பார்க்கக் குடித்துக் காட்ட வேண்டும்? அறிக்கை போதும் என்றால் போத்தல் தேவையில்லை. போத்தல் தேவைப்பட்டது என்பதுதான் அவருக்கு ஆதாரம்.

வரலாற்றாளர் ஆவணத்தைத் தேடுவார். ஜொகூருடன் 1961இல் ஒரு நீர் ஒப்பந்தம், 1962இல் இன்னொன்று. முதலாவது 2011இல் முடிந்தது. இரண்டாவது 2061 வரை இருக்கிறது, அதன்படி ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். விலை பற்றிய பேச்சுவார்த்தை இழுபறியாக இருந்த அதே ஆண்டுகளில்தான் நியூவாட்டர் வந்தது. ஏன் அப்போது என்பது அவருடைய கேள்வி.

பொருளியலாளர் வாடிக்கையாளர் யார் என்று கேட்பார். கணினிச் சில்லு தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்குக் குழாய்த் தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் வேண்டும். நியூவாட்டரை அவர்களுக்கு விற்பதற்கு யாரையும் மனம் மாற்ற வேண்டியதில்லை.

இப்போது உங்கள் பத்தியையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘நியூவாட்டர் பாதுகாப்பானது என்று 2002இலேயே நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் அது நேராகச் சமையலறைக் குழாய்க்கு வரவில்லை. தயக்கம் இல்லாத வாடிக்கையாளரான தொழிற்சாலைக்குப் பெரும்பகுதி போனது, நீர்த்தேக்கத்தில் சிறிதளவே கலந்தது, இன்னொரு பக்கம் போத்தலில் மக்கள் கைக்கு வந்தது. இந்த ஏற்பாட்டைப் பார்த்தால், மக்களின் ஏற்பு ஆய்வகத் தரத்தைவிடப் பழக்கத்தால் வந்தது என்று சொல்லலாம்.’

உங்கள் தகவல்தான், கூடுதலாக ஒன்றிரண்டு. ஆனால் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அதை ஒருவர் மறுக்க முடியும். ‘பழக்கம் இல்லை, அரசாங்கத்தின் மேல் இருந்த நம்பிக்கைதான் காரணம்’ என்று உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லலாம். சொன்னால் நல்லது, அப்போதுதான் கட்டுரைக்கு இரண்டாவது பத்தி கிடைக்கிறது. யாராலும் மறுக்க முடியாத வாக்கியங்களை மட்டும் அடுக்கினால் அது கட்டுரை ஆகாது, துண்டுப் பிரசுரம் ஆகும்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். பல்துறைப் பாடம் (நீங்கள் பொதுப் பாடம் என்பது) என்றால் பல துறைகளைத் தொட்டுப் பார்ப்பது என்று நினைக்கிறோம். அதில் கற்க வேண்டியது, எந்தத் துறை எதை ஆதாரம் என்று ஒப்புக்கொள்கிறது என்பதை. வேதியியலுக்குள்ளேயே இருந்தால் அது கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே எல்லாரும் ஒரே மாதிரி ஆதாரத்தைத்தான் கேட்பார்கள். அதனால் ‘பல்துறைப் பாடம்’ தனி, ‘கற்றல் திறன்’ தனி என்று நீங்கள் பிரித்துக் கேட்டிருப்பதை நான் பிரிக்கப் போவதில்லை. அந்தக் கட்டுரையைச் சரியாக எழுதக் கற்பதே கற்றல் திறன்.

அப்பாவுக்கு வருவோம். அவர் கேட்பது நியாயமான கேள்வி, கோபப்படாதீர்கள். கட்டணம் கட்டுகிறவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

கணக்கை முதலில் அவரிடம் காட்டுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2021இல் கலை, அறிவியல் இரண்டையும் ஒரே கல்லூரியின் கீழ் கொண்டுவந்தபோது வகுத்த அமைப்பை எடுத்துக்கொள்வோம். பட்டத்துக்கு 160 அலகுகள். அதில் பொதுப் பாடத்திட்டம் 52, முதன்மைப் பாடம் 60, மாணவர் விருப்பத்துக்கு 48. விருப்பத்துக்கு விட்ட 48ஐயும் வேதியியலிலேயே போட நினைத்தால் பெரும்பாலும் போடலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அதே 2021 ஆகஸ்ட்டில்தான் எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து படிக்கிற பொது அடிப்படைப் பாடங்களைக் கொண்டுவந்தது. உங்கள் பல்கலைக்கழகத்தின் எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். முதலாண்டில் பொதுப் பாடங்கள் குவிந்திருப்பதால் உங்களுக்கு எல்லாமே அதுதான் என்று தோன்றுகிறது. மூன்றாம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வர நேரம் இருக்காது, அப்போது இந்தக் கவலை தலைகீழாக மாறியிருக்கும்.

நுனிப்புல் என்ற குற்றச்சாட்டு பாதி உண்மை. சில பொதுப் பாடங்கள் அப்படித்தான் இருக்கின்றன என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு தலைப்பு, நூற்றுக்கணக்கான பேர் உட்காரும் லெக்சர், கடைசியில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்வு. பருவநிலை ஒரு வாரம், செயற்கை நுண்ணறிவு ஒரு வாரம், பௌத்தம் ஒரு வாரம். மாணவர் கையில் எதுவும் தங்காது. ஆனால் ஒரு பக்கமாவது சொந்தமாக எழுத வைத்து, அதைத் திருத்தி, ஓரத்தில் ‘அதனால் என்ன?’ என்று கேட்கிற ஆள் இருக்கிற பாடம் வேறு ரகம். தேர்ந்தெடுக்க இடம் இருக்கும்போதெல்லாம் பாடத்தலைப்பைப் பார்க்காதீர்கள், மதிப்பீடு எப்படி என்று பாருங்கள். எழுதச் சொல்கிற பாடத்தை எடுங்கள். மார்க் வாங்குவது கொஞ்சம் கஷ்டம்தான், தெரிந்தே சொல்கிறேன்.

அப்பாவிடம் அவர் தொழிலை வைத்தே பேசலாம். ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் லிஃப்ட் ஒன்பதாம் மாடியில் நின்றுவிட்டது என்று அழைப்பு வருகிறது. மின்சாரக்காரர் சர்க்யூட் என்கிறார், இயந்திரம் பார்ப்பவர் பிரேக் என்கிறார், மேல்மாடி அம்மா ‘பசங்க கதவைப் பிடிச்சிட்டு நின்னாங்க’ என்கிறார். மூன்று பேர் சொல்வதையும் ஒரே மாதிரி சோதிக்க முடியாது. ஒன்றுக்கு மீட்டர் வேண்டும், ஒன்றுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும், ஒன்றுக்கு இன்னும் இரண்டு வீட்டில் விசாரிக்க வேண்டும். எதை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்ததால்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். உங்களுக்குப் பல்கலைக்கழகம் சொல்லித்தர முயல்வதும் அந்த வகைதான் என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒப்புக்கொள்வாரா தெரியாது, ஆனால் காது கொடுப்பார்.

இனி ஹைலைட்டர்.

மூன்று கலர் என்று எழுதியிருந்தீர்கள். பக்கம் அழகாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் படித்ததை நினைவில் வைக்க அது பெரிதாக உதவாது. உளவியலாளர் ஜான் டன்லாஸ்கியும் அவருடைய சகாக்களும் 2013இல் மாணவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பத்துக் கற்றல் முறைகளைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். கோடு போடுவது, திரும்பத் திரும்ப வாசிப்பது, சுருக்கி எழுதுவது மூன்றும் குறைந்த பயன் என்ற பட்டியலில் விழுந்தன. உயர்ந்த பயன் என்று அவர்கள் சொன்னவை இரண்டே இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, படிப்பை நாள்களில் பரப்பி வைப்பது.

இதில் முதலாவதற்கு ஒரு சோதனை இருக்கிறது, விவரமாகச் சொல்கிறேன். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்து 2006இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்குச் சின்னச் சின்ன அறிவியல் பத்திகள், ஒன்று சூரியனைப் பற்றி, ஒன்று கடல் நீர்நாயைப் பற்றி. ஒரு தடவை படித்தபின், சிலர் அதையே மறுபடி படித்தார்கள். சிலர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள், 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை மாறிவிட்டது. மூடிவிட்டு எழுதியவர்களிடம் 56 சதவீதம் இருந்தது, மறுபடி படித்தவர்களிடம் 42தான்.

அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் நம்மை ஏமாற்றுகிறது. திரும்பப் படித்து முடித்தவுடன் எல்லாம் தலையில் இருப்பது போலவே தோன்றும். அந்தச் சோதனையிலும் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் ‘ஒரு வாரம் கழித்தும் எனக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள்.

நீங்கள் தொடக்கக் கல்லூரியில் ஜெயித்ததற்கு ஹைலைட்டர் காரணமில்லை என்று நான் பந்தயம் கட்டுவேன். பத்தாண்டு வினாத்தாள்தான் காரணம். அதுதான் உங்களைச் சோதித்துக்கொண்டே இருந்தது. இங்கே அந்தப் புத்தகம் கிடையாது, அதனால் வேலை செய்த பாதி போய், வேலை செய்யாத பாதி மட்டும் கையில் நிற்கிறது. கேள்வித்தாளை இனி நீங்களே தயாரிக்க வேண்டும். நன்யாங் போன்ற இடங்களில் அணிவழிக் கற்றல் என்று நடத்துகிறார்கள் இல்லையா, வகுப்பு தொடங்கியதும் ஒரு சின்னத் தேர்வைத் தனியாக எழுதி, பிறகு அதே கேள்விகளைக் குழுவாக உட்கார்ந்து விவாதிப்பது? மாணவர்கள் அதைத் தொல்லை என்கிறார்கள். நினைவில் தங்க வைப்பதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கட்டுரை வாசிப்புக்கு இதை எப்படிச் செய்வது? 25 பக்கச் சமூகவியல் கட்டுரை ஒன்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேதியியல் பாடப்புத்தகம் போல முதல் வரியிலிருந்து வரிவரியாகப் போகாதீர்கள். முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படியுங்கள். இவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று பிடியுங்கள், ஏனென்றால் இந்த மாதிரிக் கட்டுரை பெரும்பாலும் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கும். பிறகு நடுப்பகுதிக்குப் போய் அவர் காட்டும் ஆதாரத்தைத் தேடுங்கள். படித்து முடித்ததும் மூடிவிடுங்கள். மூடியபின் ஒரு வெற்றுத் தாளில் மூன்று வரி: இவர் சொல்வது என்ன, எதை வைத்துச் சொல்கிறார், இதை ஒப்புக்கொள்ளாதவர் என்ன சொல்வார். மூன்றாவது வரி வரவில்லை என்றால் கட்டுரை இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பத் திறங்கள்.

அந்த மூன்று வரியைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செங்காங்கிலிருந்து வகுப்புக்குப் போகிற ரயில் பயணம் உங்களுக்கு எப்படியும் ஒரு மணி நேரம் பிடிக்கும். மறுநாள் ரயிலில் படத்தைப் பார்க்காமல் மூன்று வரியையும் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள், பிறகு படத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு தடவை. நாள்களில் பரப்பி வைப்பது என்று டன்லாஸ்கி சொன்னது இவ்வளவுதான். ரயிலில் உட்கார இடம் கிடைக்காத நாளில்கூடச் செய்யலாம், நோட்டு எதுவும் விரிக்க வேண்டியதில்லை.

சாட்ஜிபிடி சுருக்கம் வேண்டாம். மோசடி என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை, அது உங்கள் பாடத்தின் விதியைப் பொறுத்தது. கட்டுரையின் வாதத்தை நீங்களே தேடிப் பிடிப்பதுதான் அங்கே பயிற்சி. அந்த வேலையை அதற்குக் கொடுத்துவிட்டு அதன் சுருக்கத்துக்கு நீங்கள் கலர் அடித்தால், திரும்பப் படிக்கிற பழைய வழக்கத்தைத்தான் இன்னும் சுலபமாக்கிக்கொள்கிறீர்கள். வேண்டுமானால் மாற்றிப் பயன்படுத்துங்கள். உங்கள் மூன்று வரியைக் கொடுத்து, ‘இதை மறுத்து ஐந்து கேள்வி கேள்’ என்று சொல்லுங்கள். கேள்விகள் சில சமயம் அசட்டுத்தனமாக இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதும் பயிற்சிதான்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நான்கு அலகுப் பாடம் என்றால் லெக்சர், டியூட்டோரியல், வாசிப்பு எல்லாம் சேர்த்து வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்று தேசியப் பல்கலைக்கழகம் கணக்கு வைக்கிறது. ஐந்து பாடம் எடுத்தால் வாரம் 50 மணி நேரம், அதுவும் 13 வாரத்துக்கு. பெரும்பாலான முதலாண்டு மாணவர்கள் பொதுப் பாடத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் கொடுத்துவிட்டு, மீதியை முதன்மைப் பாடத்தில் கொட்டிவிட்டு, ‘எவ்வளவு படித்தாலும் சி பிளஸ்தான் வருகிறது’ என்பார்கள். நீங்கள் அப்படியா என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் மட்டும் எழுதி வைத்துப் பாருங்கள்.

போகிற போக்கில் ஒன்று: ‘நீங்கள் காட்சிவழிக் கற்பவரா, செவிவழிக் கற்பவரா’ என்று சொல்லித்தருகிற வினாத்தாள்கள் சுற்றுகின்றன. அதை நம்பிப் பணமோ நேரமோ செலவழிக்காதீர்கள். அந்தப் பிரிவுக்கு ஏற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இலேயே ஓர் உளவியல் ஆய்வுக் குழு எழுதிவிட்டது. இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பயிலரங்குக்குப் போகலாமா? போங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மணி நேரம் ஸ்லைடு போட்டு ‘நேர நிர்வாகம்’ சொல்லிக்கொடுப்பதால் யாரும் மாறி நான் பார்த்ததில்லை, நானே அப்படி நடத்துகிறவர்களில் ஒருவர் என்றாலும். வீக்காக இருப்பவர்களுக்கு என்று தோழிகள் சொல்வது தவறு. இந்தச் சேவைகளைத் தேடி வருகிறவர்களில் பலர் உங்களைப் போல எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கி வந்தவர்கள்தான். தடுமாறினால் என்ன செய்வது என்று அவர்களுக்குத்தான் தெரியாது, இதுவரை தடுமாறியதே இல்லை அல்லவா. உங்களுக்கு உண்மையில் உதவப் போவது வேறு: எழுத்து ஆலோசனை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முன்பதிவு செய்துகொண்டு, உங்கள் சொந்த வரைவோடு போய் ஒருவரிடம் உட்காரலாம். சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள் போகாதீர்கள், அவர்கள் எழுத்துப்பிழையைத்தான் தொட முடியும். பாதி எழுதிய நிலையில் போங்கள். ‘என் கட்டுரையைத் திருத்துங்கள்’ என்று கேட்காமல், ‘என் வாதம் எது என்று படித்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அவருக்குச் சொல்ல வரவில்லை என்றால் தாளில் வாதம் இல்லை.

எஸ்/யூ. இதைப் பற்றி மாணவர்களிடையே தேவையற்ற குற்ற உணர்வு இருக்கிறது. அது உங்களுக்குக் கொடுத்திருக்கிற உரிமை, வெட்கமில்லாமல் பயன்படுத்துங்கள். தெரியாத துறைக்குள் துணிந்து போகட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மதிப்பெண் வந்தபிறகு முடிவு செய்யலாம் என்பதுதான் அதன் அழகு. அதனால் வாரம் ஒன்றிலேயே ‘இதற்கு எஸ்/யூ’ என்று முத்திரை குத்தாதீர்கள். குத்திய நாளிலிருந்து படிப்பது நின்றுவிடும், அப்புறம் குறைந்தபட்ச மதிப்பெண்கூட வராமல் யூ விழுந்து, பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டிய நிலைமைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்காகப் படியுங்கள், முடிவு வரட்டும், ஜிபிஏ என்ற மொத்தச் சராசரியைக் கீழே இழுக்கிறதென்றால் அப்போது போடுங்கள். எத்தனை அலகு வரை, எந்தப் பாடத்துக்கு, எந்தத் தேதிக்குள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், சேர்ந்த ஆண்டைப் பொறுத்தும் மாறும். சீனியர் சொன்னார் என்று நம்பாமல் உங்கள் சேர்க்கை ஆண்டுக்கான விதியைப் படியுங்கள்.

குழு வேலை உங்கள் தலையில் விழுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் ஊகம் இது: டெலிகிராமில் குழு திறந்தீர்கள், தலைப்பை ஐந்தாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தீர்கள், பொறியியல் படிப்பவர் பொறியியல், வணிகம் படிப்பவர் செலவு, நீங்கள் வேதியியல். கடைசி இரவு ஐந்து துண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, ஒட்டுகிற வேலை பொறுப்பான ஆளுக்கு வந்து சேர்ந்தது. சரியா? அடுத்த தடவை துறைவாரியாக வெட்டாதீர்கள். முதல் கூட்டத்திலேயே, குழு என்ன வாதத்தை வைக்கப் போகிறது என்று ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பிறகு ஒருவர் துறையின் ஆதாரத்தை வேறு துறைக்காரர் படித்துச் சொல்லட்டும். நீங்கள் செலவுக் கணக்கைப் படியுங்கள், வணிக மாணவர் உங்கள் சவ்வு ஆய்வைப் படித்துவிட்டுப் புரியாததைக் கேட்கட்டும். மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒட்டுகிற இரவு இருக்காது. வேலையே செய்யாத ஆள் ஒருவர் இருந்தால் அது வேறு பிரச்சினை. மூன்றாவது வாரத்திலேயே டியூட்டரிடம் சொல்லுங்கள். பதின்மூன்றாவது வாரத்தில் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக விருப்பப் பாடம். வேதியியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு அறிவியல் பாடம் எடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் இரண்டு சொல்வேன். ஒன்று, புள்ளியியல். பொதுப் பாடத்தில் வரும் தரவு அறிமுகத்தோடு நிறுத்தாமல் அடுத்த படியையும் எடுங்கள். வேதியியலாளருக்கும் வேண்டும், சமூகவியல் கட்டுரையில் வரும் அட்டவணையைச் சந்தேகப்படவும் வேண்டும். இன்னொன்று, அந்த சி பிளஸ் கொடுத்த ஆசிரியர் அடுத்த செமஸ்டரில் எழுத்து அதிகமுள்ள பாடம் எதையாவது நடத்தினால் அது. ஓரத்தில் இரண்டு இடத்தில் நின்று கேள்வி எழுதுகிற அளவுக்கு உங்கள் தாளைப் படித்திருக்கிறார். பாடப் பதிவு தொடங்குவதற்கு முன் அவருடைய சந்திப்பு நேரத்தில் ஒரு தடவை போய், மேலே எழுதிக் காட்டியது போல முதல் பத்தியை நீங்களே மாற்றி எழுதி, அதைக் காட்டிப் பேசுங்கள். மார்க்கை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். எந்தப் பாடம் எடுப்பது என்பதை அந்தப் பேச்சுக்குப் பிறகு முடிவு செய்யலாம்.